மேசையில் நான் சொன்ன ‘கோல்’

ஒரு போக்கர் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு நான் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். முதலாவது, வருகிறேன் என்று. இரண்டாவது, மன்னிக்கவும், கைக்குழந்தை இருப்பதால் வரமுடியாது என்று. மூன்றாவது, இரண்டாவதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம் என்று. மூன்றும் ஒரே நாளில், மகள் மத்தியானம் தூங்கிய ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போனவை. பின்னேரம் போட்டியை நடத்துபவரிடமிருந்து பதில் வந்தது: “தங்கச்சி, கதிரை ஒண்டு போட்டு வைக்கிறன். வந்தால் இருங்கோ.”

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் நிதி சேர்க்க நடத்தும் போட்டி அது. எங்கள் நகரத்து மில்லிக்கனில், ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவின் பின்பக்கம் இருக்கும் கலியாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அல்ல. ஒன்பது வயதில் ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் வளர்ந்தவள். போக்கரும் ஊரிலிருந்து வந்ததல்ல. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த காலத்தில், நாலு பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கச்சான் கடலையைச் சிப்ஸாக, அதாவது பந்தய வில்லைகளாக, வைத்து விளையாடுவோம். தோற்றவள் கச்சானைக் கொடுக்க வேண்டும், வென்றவள் தின்னலாம். அந்த நாலு பேரில் நான்தான் அதிகம் தின்றவள். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லக்கூடிய பெருமையா என்று தெரியவில்லை.

மகள் பிறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கும் வேலையிலிருந்து விடுப்பில் இருந்தேன். அந்தப் பதினொரு மாதமும் நான் செய்த எதற்கும் ஒருவரும் புள்ளி போடவில்லை. பால் போதுமா, போர்வை கூடிப்போச்சா, அழ விட்டது சரியா, தூக்கியது பிழையா. பிள்ளை ஒன்றும் சொல்லாது. வைத்தியர் “எல்லாம் நல்லாயிருக்கு” என்பார். எல்லாம் என்றால் எதெது என்று கேட்க வெட்கமாக இருக்கும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தில், நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தப் போட்டியில் அறுபத்து மூன்று பேர். கடைசி ஒன்பது பேர் மேடைக்குப் பக்கத்தில் போடப்பட்டிருக்கும் கடைசி மேசைக்குப் போவார்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கிண்ணமும் ஒரு படமும். எனக்கு அந்தப் படத்தில் இருக்க வேண்டும். வெல்லக்கூட வேண்டாம், அந்த ஒன்பது பேரில் ஒருத்தியாக இருந்தால் போதும்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“காட்ஸ் அடிக்கப் போறியோ? பால் குடிக்கிற பிள்ளையை விட்டிட்டு?”

“ஓம் அம்மா. நிதிக்குத்தான்.”

“நிதிக்கெண்டால் காசைக் குடுத்திட்டு வீட்டை இரன்.”

அதிலும் நியாயம் இருந்தது. நாலாவது மின்னஞ்சலை எழுதத் தொடங்கினேன். என் கணவர் மடிக்கணினியை மெதுவாக மூடினார். “இஞ்சரும், அந்த மனிசன் பாவம்,” என்றார்.

ஞாயிறு காலை, பிள்ளையைப் பார்க்கப்போகும் கணவருக்காகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பதினொரு வரியில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டினேன். சின்ன விஷயம் என்றால் மெசேஜ் போடுங்கள், அவசரம் என்றால் மட்டும் தொலைபேசிக் கோல் எடுங்கள் என்று அடியில் கோடிட்டேன். “அவசரம் இல்லாமல் கோல் எடுத்தால் எனக்கு நெஞ்சு நிண்டிடும்,” என்றேன். “ஓம், ஓம், போட்டு வாரும்,” என்றார். கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் ஒருமுறை திரும்பி வந்து, காய்ச்சல் மருந்து எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனேன்.

மண்டப வாசலில் போட்டி விதிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பதினாலு விதிகள். எல்லோரும் அதைக் கடந்து வடையையும் தேத்தண்ணியையும் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நின்று வாசித்தேன். அடுத்தவர் சிப்ஸைத் தொடக்கூடாது. ஒரு கைக்கு ஒரே ஆள். அடுத்தவருக்கு யோசனை சொல்லக்கூடாது. மேசையில் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது. வெற்றி நிச்சயம் என்று தெரிந்தபின் எதிராளியைக் காக்க வைத்து மெதுவாகச் சீட்டைத் திருப்புவது மரியாதை அல்ல. ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும். காட் போடும் டீலர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு விளங்காத பேச்சில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்துவிடக்கூடாது.

நாலாவது விதியை மட்டும் மூன்று முறை வாசித்தேன். “உங்கள் முறை வரும்போது வாயால் சொன்னது செய்ததற்குச் சமம். திரும்பப் பெறமுடியாது.”

மற்றவர்களுக்கு அது பயமாக இருந்திருக்கலாம். எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் நான் சொல்வது எதையும் திரும்பப் பெறலாம், பெற்றுக்கொண்டே இருக்கலாம். பிள்ளைக்குத் தொப்பி போடுங்கோ, இல்லை வேண்டாம், இல்லை போடுங்கோ. ஒரு சொல்லைச் சொன்னதும் அது முடிந்துபோகிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

போக்கர் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு காட், அதாவது சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. இரண்டையும் ஐந்தையும் சேர்த்துப் பார்த்து யாருடையது பெரிது என்பதுதான் ஆட்டம். எதிராளி சிப்ஸை முன்னே தள்ளினால் நானும் அதே அளவு போட்டு அவருக்கு ஈடுகொடுக்கலாம். அதற்குப் பெயர் கோல். இல்லையென்றால் காட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதுவரை போட்டதை இழந்து, விலகலாம். ஒருவர் தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் தள்ளினால் அது ஓல் இன். அதில் தோற்றால் வீட்டுக்கு.

என் மேசையில், எனக்கு இடப்பக்கத்தில் சிவப்புச் சுவெற்றர் போட்ட ஓர் அன்ரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை தவறாமல் விளையாடுகிறாராம். எனக்கு எதிரில் ஓர் அங்கிள். தான் விலகிய ஆட்டங்களிலும் மற்றவர்களுக்கு யோசனை சொல்லி, டீலரிடம் இரண்டு முறை ஏச்சு வாங்கியவர். மேசையின் மூலையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. காட் போட்டது கறுப்பு வெயிஸ்ற்கோட் அணிந்த ஒரு பெண், மென்மையானவர், கண்டிப்பானவர்.

“தம்பி, உந்தத் தொப்பியைக் கொஞ்சம் உயத்தும்,” என்றார் அன்ரி, ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில். “முகத்தைப் பாப்பம்.”

“ஏன் அன்ரி?”

“என்ர அக்கான்ர பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கினம்.”

“அன்ரி, திஸ் இஸ் போக்கர்.”

“அதுதான், ஓல் இன் போடச் சொல்லுறன்.”

மேசை முழுக்கச் சிரித்தது. டீலரும், விளங்காமலே, சிரித்தார்.

நான் தொடக்கத்திலேயே டீலரிடம் கேட்டிருந்தேன், வீட்டில் குழந்தை, தொலைபேசியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு மடியில் வைத்திருக்கலாமா என்று. மேசையில் ஒருவரும் மறுக்கவில்லை. தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று டீலர் தலையாட்டினார். நாலு மணித்தியாலத்தில் இரண்டு மெசேஜ்தான் வந்தது. ஒன்று, “படுத்திட்டாள்”. மற்றது, “எழும்பிட்டாள்”.

நான் நன்றாக விளையாடினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். யாருடைய சிப்ஸ் பயத்தில் வருகிறது, யாருடையது பலத்தில் வருகிறது என்பதைப் பார்க்க எனக்கு வராது. ஆனால் எந்தக் காட் வர எத்தனை வழி மிச்சம் என்பது எனக்குக் கச்சான் காலத்திலிருந்தே தெரியும். மூன்று மணியளவில் இரண்டு மேசைகளில் பதினாலு பேர் மிஞ்சியிருந்தோம். இன்னும் ஐந்து பேர் போனால் கடைசி மேசை. மேடைக்குப் பக்கத்தில் அதற்குப் பச்சை விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அப்போதுதான் அந்த ஆட்டம் வந்தது. என்னிடம் இரண்டு ஒன்பது, ஒரு சோடி. நடுவில் ராசா, ராணி, ஆறு, மூன்று, இரண்டு. நானும் தொப்பித் தம்பியும் மட்டும்தான் மிச்சம். இருவரும் ஏற்கெனவே கணிசமாகப் போட்டிருந்தோம். ஐந்தாவது காட் விழுந்ததும் தம்பி ஒரு மூச்சு எடுத்து, இரண்டு கையாலும் தன் சிப்ஸ் முழுவதையும் முன்னே தள்ளினார். ஓல் இன்.

அவரிடம் ஒரு ராசாவோ ராணியோ இருந்தால் நடுவிலுள்ளதோடு அது பெரிய சோடியாகும், நான் தோற்றேன். என் சிப்ஸில் பெரும்பகுதி போய்விடும். ஒன்றுமில்லாமல் மிரட்டுகிறார் என்றால் வெற்றி எனக்கு, அவர் வீட்டுக்கு. நான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஈடுகொடு என்று ஒரு கணக்குச் சொன்னது. இன்னொரு கணக்கு, பச்சை விரிப்பைப் பார், விலகி இரு என்றது. எதிரில் இருந்த அங்கிள்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

மடியில் தொலைபேசி அதிர்ந்தது. மெசேஜ் ஒருமுறை அதிர்ந்துவிட்டு நின்றுவிடும். இது நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். என் கணவரின் பெயர்.

“ஐயோ, கோல்,” என்றேன்.

“கோல்,” என்றார் டீலர், எல்லோருக்கும் கேட்கத் தெளிவாக.

தம்பி கண்ணை மூடித் திறந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரு விநாடியும் தாமதிக்காமல் தன் காட்டைத் திருப்பினார். ஒரு ஜாக், ஒரு பத்து. நடுவிலிருந்த ராசா ராணியோடு வரிசை சேர்ப்பதற்காகக் காத்திருந்து, வராமல் போனது. கையில் ஒன்றுமில்லை. டீலர் என் பக்கம் கையைக் காட்ட, நானும் இயந்திரம் போல என் இரண்டு ஒன்பதையும் திருப்பினேன்.

அதிர்வு நின்றது. உடனே ஒரு மெசேஜ்: “அவசரம் இல்லை. முடியேக்க எடும்.”

“என்ர பிள்ளை!” அன்ரி என் முதுகில் தட்டினார். “ஒம்பதை வைச்சுக்கொண்டு ராசா ராணிக்கு முன்னால நிண்டிருக்கிறாள்!”

“நல்ல நெஞ்சு,” என்றார் அங்கிள். “நான் எண்டால் விட்டிருப்பன்.”

தம்பி எழும்பி, கையை நீட்டினார். “குட் கோல், அக்கா.” டீலர் நடுவிலிருந்த சிப்ஸை என் பக்கம் தள்ளத் தொடங்கினார்.

அந்தக் கையைப் பிடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்ரிக்கே தெரியவில்லை; அவர் காதிலும் அது ஆட்டத்துக் கோலாகத்தான் விழுந்திருந்தது. வீட்டில் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லும் சொல். அம்மான்ர கோல், வேலையிலிருந்து கோல், ஒரு கோல் எடுத்திட்டு வாறன். அது ஆங்கிலச் சொல்தான். ஆனால் நான் அதைத் தமிழில்தான் சொன்னேன்.

“ஒரு நிமிசம்,” என்றேன். பிறகு, ஆங்கிலம் மட்டும் என்ற ஆறாவது விதி நினைவுக்கு வந்து, அதையே ஆங்கிலத்தில் டீலரிடம் சொன்னேன். சிப்ஸைத் தள்ள வேண்டாம், நடுவரைக் கூப்பிடுங்கள் என்று.

“என்ன பிள்ளை, என்ன?” அன்ரி என் நெற்றியைத் தொடாத குறை.

“நான் கோல் எண்டு சொன்னது போனை, அன்ரி. வீட்டிலயிருந்து கோல் வந்தது.”

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரேயடியாக விளங்கியது. அங்கிள் மேசையில் அடித்துச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது.

“அதுக்கென்ன? வெண்டாச்சுத்தானே. வெண்டதைத் திருப்பிக் குடுக்கிறதோ? உது என்ன புதுப் பழக்கம்?”

“பேசாமல் எடு பிள்ளை,” என்றார் அன்ரி, குரலைத் தாழ்த்தி. “ஒருத்தரும் கேக்கேல்லை.”

கை நீட்டியபடியே நின்றிருந்த தம்பி கையை இழுத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்திருந்தது. “அக்கா, நீங்க வின் பண்ணிட்டீங்க. எனக்குப் பாவம் பாக்க வேண்டாம். ஐ டோன்ட் வோன்ட் இட்.”

“பாவம் பாக்கேல்லைத் தம்பி,” என்றேன். “நான் சொல்லாத சொல்லில நான் வெல்ல ஏலாது.”

நடுவர் வந்தார். கழுத்தில் மஞ்சள் நாடாவில் அட்டை தொங்க, ஐம்பது வயதிருக்கும் ஓர் அண்ணை. முதலில் டீலரிடம் கேட்டார். டீலர் நேர்மையாகச் சொன்னார்: அவருடைய முறை, அவர் வாயால் தெளிவாகக் கோல் என்றார், நான் அறிவித்தேன், இருவரும் காட்டைத் திருப்பினார்கள். பிறகு என்னிடம் கேட்டார். நான் தொலைபேசியை எடுத்துக் காட்டினேன். திரையில் தவறிய அழைப்பு ஒன்று, அதன் கீழே அந்த மெசேஜ்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி. போன் வரேல்லை எண்டு வையுங்கோ. நீங்கள் என்ன செய்திருப்பீங்கள்? கோலோ, விட்டிருப்பீங்களோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விட்டிருப்பேன் என்று சொன்னால் நல்லவளாகத் தெரிவேன். கோல்தான் என்றால் சிப்ஸ் என்னுடையது. அதைப் பொய் என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. உண்மை இந்த இரண்டிலும் இல்லை.

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

“தெரியாதோ?”

“யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இன்னும் முடிவெடுக்கேல்லை.”

அவர் என் கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“மூண்டு ஈமெயில் தங்கச்சி நீங்களோ?”

“ஓம்,” என்றேன்.

அவர் மேசையைப் பார்த்துத் திரும்பினார். முதலில் ஆங்கிலத்தில் டீலருக்கு, பிறகு தமிழில் எங்களுக்கு. “மேசையில சொன்ன சொல் கட்டும். அது விதி. ஆனால் இது மேசைக்குச் சொன்ன சொல் இல்லை. தனக்கு வாற வெற்றியை வேண்டாம் எண்டு ஒருத்தர் சொல்லேக்க, அதைப் பொய் எண்டு நான் சொல்ல ஏலாது. அதோட, மூண்டு ஈமெயில் போட்ட ஆள் ‘தெரியாது’ எண்டால் அது சத்தியமாத் தெரியாதுதான். யோசிச்சு முடிக்காத ஆள் கோல் சொல்லேல்லை.”

“அப்ப திரும்ப யோசிக்கட்டும்,” என்றார் அங்கிள்.

“எப்பிடி யோசிக்கிறது? அவற்ற காட்டைப் பாத்தாச்சு. இனி யோசிச்சால் அது களவு.” என்னிடம் திரும்பினார். “நீங்கள் விலகினதாத்தான் எடுக்கவேணும், தங்கச்சி. நடுவில இருக்கிறது தம்பிக்கு. சரியோ?”

“சரி,” என்றேன்.

“அதோட, போன் மடியில இருந்ததுக்கு ஒரு சுற்று வெளியில நிக்கவேணும். டீலர் விட்டது அவவின்ர நல்ல மனம், ஆனால் பதினோராவது விதி எல்லாருக்கும்தான். போன் இனி என்ர மேசையில இருக்கட்டும். அடிச்சால் நான் ஓடி வந்து சொல்லுறன்.”

அங்கிள் நீண்ட மூச்சு விட்டார். “படிச்ச பிள்ளையள் விளையாட வந்தால் உதுதான் கரைச்சல்,” என்றார். ஆனால் அவர் என்னைப் பார்த்த விதத்தில் ஏளனம் இல்லை. அதை நான் கவனித்தேன்.

நான் தோற்றது சின்ன ஆட்டம் அல்ல. அதுவரை போட்டது முழுக்கப் போய், என் முன்னால் இரண்டு சின்னக் குவியல்தான் மிச்சம். எழும்பி, மேலங்கிகள் தொங்கிய தாழ்வாரத்துக்குப் போனேன். வழக்கமாக இப்படியான நேரத்தில் கேள்விகள் வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கை வைத்துப் பார்ப்பதுபோல நெஞ்சில் தேடிப் பார்த்தேன். சூடு இருந்தது. அது பெருமை என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தண்டனைச் சுற்று முடியும்வரை நேரம் இருந்தது. அண்ணையிடம் கேட்டுத் தொலைபேசியை வாங்கி, வீட்டுக்கு எடுத்தேன்.

“என்ன நடந்தது? ஏன் கோல் எடுத்தனீங்கள்?”

“அவசரம் இல்லை எண்டு போட்டனானே. உம்மடை லிஸ்டில ஏழாவது வரி. நீல மூடிப் போத்தல் எண்டு எழுதி, அதை வெட்டி, பச்சை எண்டு எழுதி, அதையும் வெட்டி, திரும்ப நீலம் எண்டு எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறீர். எதைக் குடுக்கிறது எண்டு கேக்கத்தான் எடுத்தனான்.”

“எதைக் குடுத்தனீங்கள்?”

“பச்சை.”

நீலம் காலையில் எடுத்த பால். பச்சை முதல் நாளையது. இரண்டும் நல்லதுதான். ஏன் பச்சை என்று கேட்க வாய் எடுத்தேன். சூடாக்கிப் பார்த்தீங்களா, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தீங்களா, முழுக்கக் குடிச்சாளா.

“சரி,” என்றேன்.

“சரியோ? அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான். ஆட்டம் இருக்கு, வைக்கிறன்.”

திரும்பி வந்தபோது எங்கள் மேசையில் மூன்று பேர் இல்லை. மொத்தம் பதினொரு பேர் மிச்சம். இன்னும் இரண்டு பேர் போனால் கடைசி மேசை. எனக்கு அடுத்த இரண்டு ஆட்டமும் நல்ல காட் வரவில்லை, விலகினேன். மூன்றாவதில் இரண்டு பத்து வந்தது. நடுவில் இன்னும் ஒரு காட்டும் விழவில்லை. எனக்கு முன்பே அன்ரியின் முறை. என் சிப்ஸ் முழுவதையும் விழுங்கப் போதுமான ஒரு கோபுரத்தை அவர் சிரித்துக்கொண்டே முன்னே தள்ளினார்.

பொறுத்திருந்தால் வேறு இருவர் விழலாம், நான் ஒன்றும் செய்யாமலே அந்தப் படத்தில் இருப்பேன். அப்படியும் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் கையில் இரண்டு பத்து. இவ்வளவு குறைந்த சிப்ஸோடு இதைவிட நல்ல நேரத்துக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று மற்றக் கணக்குச் சொன்னது. ஒருமுறை எண்ணினேன். மறுபடி எண்ணவில்லை.

“கோல்,” என்றேன்.

டீலர் அறிவிக்கவில்லை. ஒரு புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். மேசை முழுக்க என் மடியைப் பார்த்தது.

“பிள்ளை,” என்றார் அன்ரி, “உது போனோ, கோலோ?”

“கோல், அன்ரி.”

மற்ற மேசையிலிருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. அன்ரி ஏஸ், ராணி இரண்டையும் திருப்பினார். நான் என் பத்துகளைத் திருப்பினேன். நான் முன்னால் நின்றேன். நாலு காட் விழும்வரை நான்தான் முன்னால். ஐந்தாவது, ஒரு ராணி.

அன்ரி சத்தம் போடவில்லை. வென்றவர் துள்ளுவது மரியாதை இல்லை என்று அவருக்கு விதித்தாளைப் பார்க்காமலே தெரியும். என்னை இழுத்து அணைத்து, “நீ சரியாத்தான் போட்டனி, காட்தான் வரேல்லை,” என்றார். நான் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தேன். டீலருக்கு நன்றி சொன்னேன். மேசை மூலைக்கு வந்தபோது தம்பி எழும்பி நின்றார். முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

“அக்கா, அப்ப நான் கொஞ்சம் கோவத்தில… சொறி.” கையை நீட்டினார். “நல்லா விளையாடினீங்கள்.”

இந்த முறை அந்தக் கையைப் பிடித்தேன்.

“தம்பியின்ர முகம் பரவாயில்லை,” என்றார் அன்ரி பின்னாலிருந்து.

பதினோராம் இடம். படம் இல்லை, கிண்ணம் இல்லை. ஸ்ரீல்ஸ் வீதி வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது வழக்கம்போல மனம் பின்னுக்குப் போகும் என்று காத்திருந்தேன். அந்தச் சிப்ஸை எடுத்திருக்கலாமா? நடுவரைக் கூப்பிட்டது மற்றவர்கள் முன்னால் நல்ல பெயர் எடுக்கவா? இரண்டாவது கேள்வி கொஞ்சம் கடித்தது. ஆனால் நல்ல பெயர் வேண்டியிருந்தால் “விட்டிருப்பேன்” என்றல்லவா சொல்லியிருப்பேன். நான் சொன்னது “தெரியாது” என்று. வாழ்க்கை முழுக்க எனக்குக் குறையாக இருந்த அந்தச் சொல், ஒரு மேசையில், ஒரு நடுவர் முன்னால், சாட்சியமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீட்டு வாசலில் மகளைத் தூக்கியபோது அவள் வாயில் பால் மணந்தது. எந்த மூடியின் பால் என்று நான் முகர்ந்து பார்க்கவில்லை.

இந்த வருடப் போட்டிக்கான அறிவித்தல் போன கிழமை வந்தது. விதிகளும் இணைப்பாக இருந்தன. இப்போது பதினைந்து. கடைசியாகச் சேர்த்திருப்பது இது:

“ஆட்டம் நடக்கும்போது தொலைபேசி அழைப்பு வந்தால் ‘போன்’ என்று சொல்லவும். ‘கோல்’ என்றால் கோல்தான்.”

ஒருவருடைய பெயரும் இல்லை. விதிகளில் பெயர் இருக்காது. என் கணவர் தோளுக்கு மேலால் எட்டி வாசித்துவிட்டு, “உம்மடை விதியோ?” என்றார்.

“ஓம்,” என்றேன். “என்னுடையது.”

அச்சுப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை வாசித்தேன். இல்லை. உடனே பதில் எழுதினேன், வருகிறேன் என்று. ஒரே ஒரு மின்னஞ்சல்.